பன்னிரண்டு யார் பச்சைத் துணி

ஹபுகந்தை ரப்பர்த் தோட்டத்து மேல் டிவிசனில் ஒரு மனிதர் அந்தரத்தில் தொங்குவதற்கு அதுவரை இரண்டே காரணங்கள்தான் இருந்தன. பலாக்காய் பறிக்க ஏறி, கால் வழுக்கி, கிளையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூப்பிடுவது ஒன்று. மாரியம்மன் திருவிழாவில் பறவைக்காவடி எடுப்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு காரணத்தைக் கொழும்பிலிருந்து பெட்டியில் மடித்துக் கொண்டுவந்தவள் யோகராஜின் மனைவி விஜயகலா. அந்தக் காரணம் பச்சை நிறம், பன்னிரண்டு யார் நீளம். பிடித்து இழுத்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

விஜயகலா அதே தோட்டத்தில் பிறந்தவள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போனவள், பளீலா என்ற அம்மா நடத்திய உடற்பயிற்சி நிலையத்தில் தரை துடைக்கவும் துவாய் மடிக்கவும் சேர்ந்தாள். அங்கே மேல்மாடிக் கூரையிலிருந்து நீளத் துணிகள் தொங்கும். பணக்கார வீட்டுப் பெண்கள் அதைப் பிடித்து ஏறி, இடுப்பிலும் காலிலும் சுற்றிக்கொண்டு, தலைகீழாய் விழுந்து, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்று காட்டுவார்கள். ஒருநாள் மேலே வளையத்தில் ஒட்டடை இருப்பதைக் கண்ட விஜயகலா, ஏணி எங்கே என்று தேடாமல், துணியைப் பிடித்தே ஏறிப்போய் ஒட்டடையை அடித்துவிட்டு இறங்கினாள். பளீலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, இது யாருக்கிட்ட படிச்சது?"

"ஒட்டடைக்கிட்டங்க மேடம்."

அந்தப் பதிலுக்காகவே பளீலா அவளையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டார் என்று மேல் டிவிசனில் சொல்வார்கள். நாலு வருசத்தில் அங்கே கற்க இருந்ததை எல்லாம் அவள் கற்றுவிட்டாள். பிறகு யோகராஜுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடிந்தது. புறப்படும் நாளில் பளீலா அந்தப் பச்சைத் துணியை மடித்துக் கையில் கொடுத்து, "அவிசாவளையில ஒரு கிளை தொறக்கப் போறேன். சின்னப் புள்ளைகளுக்கு வகுப்பு. நீ டீச்சர் சேட்டிபிகட்ட எடுத்துட்டு வா, அந்த எடம் ஒனக்குத்தான்" என்றார். சான்றிதழ் கொடுக்கும் வெளிநாட்டுப் பள்ளியையும் அவரே தேடிப் பிடித்தார். பத்து மாதப் படிப்பு. எல்லாம் கைப்பேசியிலேயே. கடைசியில் ஒரு பரீட்சை, அதுவும் கைப்பேசியிலேயே.

யோகராஜ் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்பவன். மலையிலிருந்து வரும் ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, அசிட்டை அளந்து ஊற்றி உறைய வைப்பது அவன் பொறுப்பு. பதினைந்து வருசமாக அசிட்டோடு இருந்து இருந்து, அந்த வாடை அவனுக்கு வாடையாகவே தெரியாமல் போயிருந்தது. ஸ்டோருக்குப் புது ஆள் வந்தால் முதல் பாடம் அவன்தான் எடுப்பான்: "தம்பி, நைலோன் சட்டையோட இங்க நிக்காதே. ஒரு சொட்டுப் பட்டா சட்டை பொத்தலாயிரும்." இந்தப் பாடத்தை அவனே மறந்த ஒருநாள்தான் இந்தக் கதை.

படிப்பு தொடங்கியபோது முதல் தொல்லை, துணியை எங்கே தொங்கவிடுவது என்பது. அவர்கள் குடியிருந்த லயத்துக் கூரை, கோழி ஏறினாலே முனகும் கூரை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய புகைக்காம்பரா இருந்தது. முன்னொரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்திய உயரமான கட்டிடம். குறுக்கே ஒரு முதிரை மர உத்தரம், ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். சிக்னல் என்ற விருந்தாளி அந்த மலையில் வந்து உட்காரும் ஒரே இடமும் அதன் கிழக்கு மூலைதான். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டார்கள், "எனக்குத் தெரியாமல் செய்யுங்கள்" என்று அனுமதி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விஜயகலா அங்கே பால் வாளிக்குள் கைப்பேசியை நிறுத்திவைப்பாள். அதில் மெல்பர்னிலிருந்து அந்தப் பள்ளியின் ஆசிரியை சிவகௌரி தோன்றுவாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் கடல் தாண்டியவள். தமிழைப் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

"விஜயகலா, அந்த உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு ஆராவது சோதிச்சவையே?"

"யாரும் சோதிக்கல மிஸ். ஆனா எழுவது வருசமா நிக்கிது."

"நிக்கிறது வேற, தாங்கிறது வேற. ஒரு ஆயிரம் கிலோ தாங்க வேணும். அதைக் காட்டினாத்தான் நான் உம்மை ஏற விடுவன்."

ஆயிரம் கிலோவுக்கு எங்கே போவது? விஜயகலா அழகமுத்துவிடம் போனாள். பறவைக்காவடிக்குக் கயிறு கட்டுபவர் அவர். முப்பது திருவிழாவில் ஒரு ஆளைக்கூடத் தவறவிடாதவர். விசயத்தைக் கேட்டதும், "ஆயிரம் கிலோவா? அதுக்கு நம்ம ஆளுங்களே போதுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு சிவகௌரி திரையைத் திறந்தபோது, உத்தரத்தில் கட்டிய கயிறுகளில் பதினாறு ஆண்கள் வௌவால்களைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். காவடிக் குழுவும் தப்புக் குழுவும் சேர்ந்து வந்திருந்தன. பதினாறாவது ஆள் தொங்கியபடியே தப்பு அடித்தான்.

"ஐயோ கடவுளே! இறங்கச் சொல்லும் அவையளை! கெதியா!"

"எண்ணிப் பாத்துக்குங்க தாயி!" என்று அழகமுத்து வாளிக்குள் குனிந்து சத்தம் போட்டார். "எல்லாம் அறுவது கிலோவுக்கு மேல! மூக்கன் மட்டும் எழுவத்தெட்டு!"

உத்தரம் ஒரு நூல் அசையவில்லை. கூரைக்குள் குடியிருந்த மரநாய் மாத்திரம் குடும்பத்தோடு கீழ் டிவிசனுக்கு இடம் மாறிப் போனது, இன்றுவரை திரும்பவில்லை. அதற்குப் பிறகும் சிவகௌரி விடாமல், முறையாக ஒரு பொறியியலாளரிடம் கடிதம் வாங்கச் சொன்னாள். அதுவும் ஒரு மாதத்தில் வந்தது.

இரண்டாவது தொல்லை தங்கம்மாவிடமிருந்து வந்தது. தங்கம்மா பிள்ளைக்காம்பரா ஆயா. மலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளுக்குச் சேலைத் தொட்டில் கட்டித் தூங்கவைப்பவள். ஒரு திங்கட்கிழமை அவள் தலைமுடியை அள்ளி முடிந்தபடி வந்து நின்றாள்.

"ஏண்டி கலா, ஒன் துணி அங்க ஆளில்லாம காத்துல ஆடிக்கிட்டு கெடக்குது. வெறும் தொட்டி ஆடக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? என் புள்ளைங்க ஆறும் வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுவுதுங்க."

"அது தொட்டி இல்லக்கா."

"மேல கட்டிக் கீழ தொங்குனா தொட்டிதான். ஒன்னு நீ அதுல கெட, இல்லாட்டி கழட்டி வை."

துணியை நிரந்தரமாகத் தொங்கவிடலாம் என்று சிவகௌரி சொல்லியிருந்தாள். ஆனாலும் விஜயகலா தங்கம்மாவோடு வாதாடவில்லை. அவளும் அந்தப் பிள்ளைக்காம்பராவில் தூங்கி வளர்ந்தவள்தானே. அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் யோகராஜ் ஏணி வைத்து ஏறித் துணியை அவிழ்த்துக் கொடுப்பான். அவள் பாம்பைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். அது ஒரு மரப்பெட்டியில் இருக்கும்.

பின்னாளில் யோகராஜ் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தது இதைத்தான். அந்தத் துணியைத் தொங்கவே விட்டிருந்தால், காற்றில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்திருந்தால்.

மாதங்கள் போயின. விஜயகலா விடியற்காலையில் கத்தியோடு மலைக்குப் போய்ப் பால் வெட்டுவாள். மத்தியானம் வாளி சுமந்து ஸ்டோருக்கு வருவாள். சாயங்காலம் புகைக்காம்பராவில் ஏறுவாள். சிவகௌரி சொன்ன ஆங்கிலப் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டுத் தன் வசதிக்குப் பெயர் வைத்தாள். தலைகீழாகத் தொங்குவது 'வௌவால்'. மரத்தில் வெட்டு எப்படிச் சாய்ந்து இறங்குமோ அப்படித் துணியைக் காலில் சுற்றிப் பூட்டுவது 'பால்வெட்டு'. பக்கத்து லயத்து நிரோஷா அவளுக்கு முதல் மாணவி ஆனாள். கற்பிக்கவும் தெரிகிறதா என்று பரீட்சையில் பார்ப்பார்களே. உரப்பையில் மானாப்புல் அடைத்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கீழே மெத்தை போட்டார்கள்.

எல்லாவற்றிலும் சிவகௌரி அதிகமாக வற்புறுத்தியது ஒன்றை. ஏறுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையில் ஓடவிட வேண்டும். தடிப்பு, மெலிவு, சொரசொரப்பு ஏதாவது தட்டுப்பட்டால் அன்று வகுப்பு இல்லை. தேதி போட்டுக் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும்.

"உம்மட கையைத்தான் பிள்ளையள் நம்பி ஏறப்போகினம்" என்பாள்.

விஜயகலாவின் கை, கத்தி பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. ஆனால் அந்தத் துணியைத் தடவும்போது அது வேறொருத்தியின் கையாகிவிடும். யோகராஜ் அதை ஓரமாக நின்று பார்ப்பான். பெருமையாகத்தான் இருக்கும். கூடவே சொல்லத் தெரியாத ஒரு பயமும் இருக்கும். அவிசாவளையில் வேலை என்றால் வெள்ளி போய் ஞாயிறுதான் வருவாள். பிறகு வாரம் முழுக்க அங்கேயே நிற்கலாம் என்று ஆகும். இந்தக் கரும்புகை பிடித்த கட்டிடத்தில் அவள் ஏறும் உயரத்தைப் பார்த்தால், அவள் இறங்கி வந்து நிற்க இந்த லயம் போதுமா என்று அவனுக்குத் தோன்றும். இதை அவளிடம் சொன்னதில்லை. "சோறாச்சா?" என்றுதான் கேட்பான்.

பரீட்சை ஆனி மாதத்து ஞாயிறொன்றில் வந்தது. முதல் நாள் சனிக்கிழமை, மழை. கரவனெல்லைப் பக்கத்து ஆனி மழைக்குக் குடை பிடிப்பது சும்மா ஒரு மரியாதைக்குத்தான். காலையில் விஜயகலா துணியைத் தடவிப் பார்த்து, கொப்பியில் எழுதி, பெட்டியில் வைத்துவிட்டு, நிரோஷாவோடு ஒத்திகை பேசப் போயிருந்தாள். யோகராஜ் ஸ்டோரிலிருந்து வந்தபோது தகரம் ஒழுகி, மரப்பெட்டிக்கு மேலே நேராகச் சொட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தான். துணியின் ஓரம் நனைந்திருந்தது.

அன்று அவன் கையில் ஒரு காலி அசிட் கேன் இருந்தது. தோட்டத்தில் அசிட் கேன் இல்லாத வீடு கிடையாது. தண்ணீர் பிடிக்க, அரிசி போட, கோழித்தீனி வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அவன் கேனின் மேற்பாகத்தை மூன்று பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தைக் கீல்போல விட்டு, மூடித் திறக்கிற அழகான பெட்டி ஒன்று செய்தான். கைப்பிடி மூடியிலேயே இருந்தது, தூக்கிப்போக வசதி. பீலியில் கொட்டும் தண்ணீரில் வைத்து மூன்று தடவை அலசினான். துடைத்தான். துணியைச் சுருட்டி உள்ளே வைத்து மூடினான். எலி தொடாது, மழை தொடாது. தன் வேலையைத் தானே நின்று ரசித்தான்.

கேனின் கைப்பிடி உள்ளே குழாயாகத்தான் இருக்கும். அடியில் மிஞ்சிய அசிட் அதற்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். சாய்த்தால் சொட்டுச் சொட்டாய் இறங்கும். இது அவனுக்குத் தெரியாததல்ல. துணி நைலோன் என்பதும் தெரியாததல்ல. பளீலா கொடுத்த சீட்டில் எழுதியிருந்ததை அவனே வாசித்துக் காட்டியிருக்கிறான். ஸ்டோருக்குள் நிற்கும்போது தெரிந்ததெல்லாம் வீட்டுக்குள் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் மூன்றரை மணி. துணியைக் கேனிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் யோகராஜ்தான், விஜயகலா கேனைப் பார்க்கவில்லை. புகைக்காம்பராவில் விஜயகலா கண்ணை மூடித் துணியைக் கையில் ஓடவிட்டாள். நடுவில் ஓரிடத்தில் அவள் கை நின்றது.

"ஏங்க, இங்கன ஒரு மாதிரி இருக்கே. வெறைச்சாப்புல."

"நேத்துப் பொட்டி ஒழுகுச்சில்ல கலா. மழைத் தண்ணிதான். காஞ்சா சரியாயிரும்."

அவள் இன்னொரு தடவை அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். வாளிக்குள்ளிருந்து, "விஜயகலா, தயாரோ?" என்று குரல் கேட்டது. யோகராஜ் ஏணியில் ஏறித் துணியை மாட்டினான்.

திரையில் சிவகௌரியும், இன்னொரு சதுரத்தில் வெள்ளைக்காரப் பரீட்சகர் ஒருவரும் இருந்தார்கள். முதலில் விஜயகலா செய்து காட்ட வேண்டும். பிறகு நிரோஷாவை ஏற்றிக் கற்பிக்க வேண்டும். விஜயகலா ஏறினாள். பன்னிரண்டு அடி. பால்வெட்டுப் பூட்டுப் போட்டாள். கையை விட்டு, வௌவாலாய்த் தலைகீழாக விரிந்தாள். பரீட்சகர் தன்னை மறந்து கைதட்டினார். தட்டிய கை பிரிவதற்குள் துணி போனது.

கிழியும் சத்தமே கேட்கவில்லை. உறைந்த பாலின் ஓரத்தை விரலால் விலக்கினால் எப்படி விலகுமோ, அப்படி ஓசையில்லாமல் விலகிவிட்டது. மானாப்புல் மூட்டைதான் அவளைத் தாங்கியது. தலை தப்பியது, இடது மணிக்கட்டு தப்பவில்லை.

நிரோஷா அலறிக்கொண்டு த்ரீவீல் பிடிக்க ஓடினாள். யோகராஜ் மனைவியைத் தூக்கி உட்கார வைத்தான். பிறகு, ஏன் என்று தெரியாமல், தரையில் கிடந்த துணியின் அறுந்த முனையைக் கையில் எடுத்தான். முனை மெழுகுபோல மினுமினுத்தது. நகத்தால் கீறினான், உதிர்ந்தது. எத்தனை சட்டைக் கைகளில் இதைப் பார்த்திருக்கிறான். அந்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. முனையைச் சுருட்டித் துணிக்குள் ஒளித்து வைத்தான்.

ஆஸ்பத்திரியில் தாதி சிங்களத்தில் கேட்டாள்: "மொகத நங்கி, கஹென் வெட்டுணாத?" மரத்திலிருந்து விழுந்தாயா என்று.

"நே மிஸ், ரெத்தென்."

துணியிலிருந்து விழுந்தவள் அந்த வார்டில் அவள்தான் முதல். தாதி சிரித்தாள், விஜயகலாவும் வலியோடு சிரித்தாள். கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது யோகராஜ் வாயைத் திறந்தான். "கலா..." என்றான். அவள் திரும்பினாள். "பசிக்குதா?" என்றான்.

மூன்றாம் நாள் சிவகௌரி அழைத்தாள். யோகராஜ் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீர் தடவிப் பாத்தனீர்தானே? நான் திரையில கண்டனான்."

"பாத்தேன் மிஸ். கையில தட்டுப்பட்டிச்சி. ஈரம்னு நெனச்சிட்டேன்."

"சரி. தொண்ணூறு நாளுக்குள்ள திரும்பப் பரீட்சை எடுக்கலாம். கை சுகமாகட்டும். புதுத் துணிக்கு நான் ஏற்பாடு செய்யிறன்."

"வேணாம் மிஸ்."

"என்னண்டு வேண்டாம்?"

"எனக்கு அடுத்தது ஏற இருந்தது நிரோஷா. அவளுக்கு இருவது வயசு. அவிசாவளையில ஏறப்போறது எட்டு வயசுப் புள்ளைங்க. ஈரத்துக்கும் இத்துப்போனதுக்கும் வித்தியாசம் தெரியாத கைய வெச்சிக்கிட்டு நான் எப்பிடி மிஸ் அதுங்கள ஏத்துவேன்? பால் வெட்டி வெட்டிக் காச்சிப் போன கை இது. நான்தான் அளவு தெரியாம ஆசப்பட்டுட்டேன்."

அடுப்படியில் நின்ற யோகராஜின் தொண்டையில் சொல் தயாராக நின்றது. மழைத் தண்ணி என்று சொன்னது நான், கேனில் வைத்தது நான் என்ற இரண்டு வாக்கியம். நாலு எட்டு வைத்தால் திரை. அவன் வைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அவள் கை வலி குறையட்டும் என்று நினைத்தான். அதோடு இன்னொன்றும் இருந்தது. அவள் "வேணாம்" என்று சொன்னபோது அவன் நெஞ்சின் ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. அவிசாவளை இல்லை, வெள்ளிக்கிழமை பஸ் இல்லை. அந்த நிம்மதியைத்தான் அவனால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை. கேன் ஒரு தவறு. இது தவறு இல்லை, இது அவன்.

தொண்ணூறு நாள் என்பது நீளமான காலம். தள்ளிப்போட வசதியாக இருக்கும். கட்டு அவிழ்த்ததும் சொல்லலாம் என்றான். ஆடிப்பூசை முடியட்டும் என்றான். விஜயகலா மறுபடி மலைக்குப் போகத் தொடங்கினாள். மரத்தை வெட்டுமுன் பட்டையை விரலால் தடவுவது அவள் வழக்கம், அதை விட்டுவிட்டாள். கங்காணி, "என்னா கலா, வெட்டு ஆழமாப் போவுது" என்று சத்தம் போட்டார். உப்பைக்கூட விரலால் எடுக்காமல் கரண்டியால் அளந்து போட்டாள். தன் கையைத் தானே நம்பாத ஒருத்தி எப்படிச் சமைப்பாள் என்பதை யோகராஜ் மூன்று வேளையும் சாப்பிட்டுத் தெரிந்துகொண்டான்.

எண்பத்தெட்டாம் நாள் அவன் கலண்டரின் முன்னால் நின்றான். தொண்ணூறாம் நாளும் நின்றான். தொண்ணூற்றோராம் நாள் சிவகௌரியிடமிருந்து குரல்செய்தி வந்தது. பள்ளிக்கூடம் தூரத்திலிருந்து படிக்கும் பிரிவையே மூடிவிட்டதாம். இனி நேரில் வந்து படித்தால்தான் சான்றிதழாம். "நீர் நல்ல பிள்ளை, விஜயகலா. எனக்குச் சரியான கவலை" என்று முடித்திருந்தாள். அதற்கடுத்த வாரம் பளீலா பேசினார். கேகாலைப் பெண் ஒருத்தியை அவிசாவளைக்கு எடுத்துக்கொண்டாராம். "நான் காத்திருந்தேன் புள்ள" என்றார். "தெரியும் மேடம்" என்றாள் விஜயகலா.

துணி வீட்டு மூலையில் ஒரு சாக்குக்குள் கிடந்தது. யோகராஜ் அதை எரித்திருக்கலாம். எரித்தால் ஏன் என்று அவள் கேட்பாள். அதனால் எரிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பால் வாளிகள் வர இன்னும் நேரம் இருந்தது. யோகராஜ் ஸ்டோர் வாசலில் நின்றபோது, எதிரே பிள்ளைக்காம்பராவின் திறந்த கதவுக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது. உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள். எல்லாம் ஒரே பச்சை. விஜயகலா மடியில் துணியைப் போட்டுக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். மலையில் அன்று அவளுக்கு லீவு. தங்கம்மா ஐந்தாவது தொட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கியது.

அவன் எப்படி அந்த முற்றத்தைக் கடந்தான் என்பதைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நடுவில் இருந்த தண்ணீர் ஓடும் காணைத் தாண்டவில்லை, பறந்தான் என்று ஒரு கட்சி. ஸ்டோர் நாய் அவனோடு ஓடித் தோற்றுப் பாதியில் உட்கார்ந்துவிட்டது என்று இன்னொரு கட்சி. உள்ளே வந்தவன் முதல் தொட்டிலிலிருந்து குழந்தையை வாரித் தூக்கினான். அது வீரிட்டது.

"அடப்பாவி! இப்பத்தான் தூங்குச்சி! ஒனக்கென்னா பைத்தியமா?" என்றாள் தங்கம்மா.

"இந்தத் துணி வேணாங்க்கா. கழட்டுங்க. எல்லாத்தையும் கழட்டுங்க."

"கிஞ்ச எடத்த வெட்டிப் போட்டுட்டேன்" என்றாள் விஜயகலா. "மிச்சம் நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இல்ல கலா. நான் அத அசிட் கேனுல வெச்சேன். பரீட்சைக்கி மொத நாளு. பொட்டி ஒழுகுச்சின்னு. கைப்புடியில இருந்து சொட்டியிருக்கு. எங்கெங்க சொட்டிச்சின்னு எனக்குத் தெரியாது."

குழந்தை அழுதது. தங்கம்மா அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். விஜயகலா கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்து, தொட்டில்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சுவர்ப் பக்கம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முதல் துண்டை உள்ளங்கையில் ஓடவிட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான். கை நின்றது.

"இங்கன ஒன்னு."

இரண்டு விரலால் இழுத்தாள். துணி அப்பளம்போல வாய் பிளந்தது. குழந்தை கிடந்த தொட்டில் அதுதான். தங்கம்மா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். விஜயகலா கண்ணைத் திறக்காமல் அடுத்ததை எடுத்தாள். அதில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில், "இங்கன." கடைசித் துண்டில், ஊசிமுனை அளவு ஒன்று. கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அவள் கைக்குத் தெரிந்தது.

வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கி நான் கேட்டேன். மழைத் தண்ணின்னீங்க."

"ஆமா. அப்ப எனக்குத் தெரியாது."

"எப்ப தெரிஞ்சிச்சி?"

இங்கே ஒரு பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். யோகராஜ் சொல்லவில்லை, அவனுடைய கணக்கில் நல்லதென்று எழுத அது ஒன்றுதான் உண்டு.

"அன்னைக்கே. நீ தரையில கெடக்கும்போதே."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் பச்சைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், முனை பிசகாமல். தங்கம்மாதான் பேசினாள்.

"அது சரி, இப்ப ஆறு புள்ளைங்களையும் எதுல போடுறது? பழைய சேலையெல்லாம் கிஞ்சி போச்சின்னுதானே இந்தத் துணியக் கேட்டேன்."

"எங்க வீட்டுல சேல இருக்குக்கா" என்றாள் விஜயகலா. யோகராஜைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னாள். "பொட்டியோட கொண்டாரச் சொல்லுங்க."

அவன் போய்ப் பெட்டியைத் தூக்கிவந்தான். ஒவ்வொரு சேலையாக எடுத்து ஒரு முனையைப் பிடித்து நின்றான். அவள் மறுமுனையிலிருந்து கண்ணை மூடித் தடவிக்கொண்டே வந்தாள். தீபாவளிக்கு வாங்கியது, அவள் அம்மா கொடுத்தது, கடைசியில் கல்யாணத்துக் கூறைச்சேலை. ஒவ்வொரு தடவையும் அவள் கை அவன் கை வரைக்கும் வந்தது, தொடாமல் திரும்பியது. நல்லது என்றால் தங்கம்மாவிடம் நீட்டினாள். ஆறும் நல்லதாகத்தான் இருந்தன.

தங்கம்மா ஆறு தொட்டிலும் கட்டி முடித்தாள். ஐந்தில் குழந்தைகள் கிடந்தன. ஆறாவது குழந்தை இன்னும் அவள் தோளில் விம்மிக்கொண்டிருந்தது. யோகராஜ் ஸ்டோருக்குப் போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் அந்த ஆறாவது தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். கூறைச்சேலைத் தொட்டில். அவன் கை தானாக அதன் விளிம்பில் பட்டது. அது மெல்ல ஆடத் தொடங்கியது.

"வெறும் தொட்டிய ஆட்டாதீங்க" என்றாள் விஜயகலா.

அவன் உண்மையைச் சொன்ன பிறகு அன்று முழுவதும் அவள் அவனிடம் நேராகப் பேசியது அது மட்டுந்தான். யோகராஜ் இரண்டு கையாலும் சேலையைப் பிடித்து, ஆட்டம் அடங்கும் வரை அப்படியே நின்றான்.